மூடிய பட்டியல், திறந்த பட்டியல்: வேறு கலைச்சொல் உண்டா?

நண்பர்களே,

தேர்தல் முறைகள் பற்றிய பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கட்சி பெற்ற வாக்கு விகிதப்படி அதன் பட்டியலிலிருந்து இடங்களை நிரப்பும் கட்சிப் பட்டியல் முறையில் இரண்டு வகை சொல்ல வேண்டும். இஸ்ரேல் நாடாளுமன்றத்தின் 120 இடங்களுக்கும் வாக்கு கட்சிக்கு மட்டுமே. யார் முன்னே, யார் பின்னே என்பதைக் கட்சியே முடிவு செய்துவிடும். நெதர்லாந்தில் பட்டியலில் உள்ள ஒருவர் பெயருக்கு வாக்களிக்கிறார்கள். ஓர் இடத்துக்கு வேண்டிய வாக்கில் கால்பங்கைத் தாண்டியவர், கீழே இருந்தாலும் மற்றவர்களை முந்திவிடுவார்.

வரைவில் முதலாவதை 'மூடிய', இரண்டாவதை 'திறந்த' என்று எழுதியிருக்கிறேன். மூடியது என்றால் பெயர்களை மறைத்த பட்டியல் என்றுதான் மாணவர் நினைப்பார். தேர்தலுக்கு முன்பே பெயர்கள் வெளியாகிவிடுகின்றனவே!

– க.

க. அவர்களுக்கு,

இங்கே உயிர்நாடி ஒழுங்குமுறை. அதற்கு 'நிரல்' இருக்கிறது. 'அன்பும் அறனும்' குறளில் அன்புக்குப் பண்பு, அறத்துக்குப் பயன் என்று கொள்கிறோமே, வரிசைப்படி இணைத்துப் பொருள் கொள்ளும் அந்த நிரல்நிறைதான் இது: முதல் பெயருக்கு முதல் இடம். ஆகவே 'நிரல்பட்டியல்'. வாக்காளர் மாற்றக்கூடியது, சொற்களை இடம் மாற்றிப் பொருள் கொள்ளும் 'மொழிமாற்று' போல, 'நிரல்மாற்றுப் பட்டியல்'. செய்யுளுக்குப் பொருள் கொள்ளத் தொல்காப்பியர் சொன்ன பொருள்கோள் நான்கில் இரண்டு இங்கேயே கைகொடுக்கின்றன. அப்படியே 'விகிதாசாரப் பிரதிநிதித்துவம்' என்பதில் உள்ள பிரதிநிதித்துவத்தையும் 'சார்பாண்மை' ஆக்கிவிடுங்கள்.

– ம.

ம. ஐயா,

கணிதத்தில் நிரை, நிரல் படிக்கும் பிள்ளைக்கு 'நிரல்பட்டியல்' என்றால் அட்டவணையின் நெடுக்குக் கட்டம்தான் நினைவுக்கு வரும். 'விகிதாசாரப் பிரதிநிதித்துவம்' இலங்கையில் செய்தி வாசிக்கும் எல்லோருக்கும் தெரிந்த சொல். அதைக் கலைத்து என்ன காணப்போகிறோம்?

1989 பொதுத் தேர்தலிலிருந்தே எங்களிடம் 'விருப்பு வாக்கு' இருக்கிறது. கட்சிக்கு ஒரு வாக்கு, அதன் வேட்பாளர்களில் மூவர் வரை விருப்பு. 225 ஆசனங்களில் 196 இப்படி நிரம்புகின்றன. எனவே 'விருப்பு வாக்குப் பட்டியல்', 'கட்சி வரிசைப் பட்டியல்' என்றே எழுதலாம்.

ஒன்று கவனியுங்கள்: மீதி 29 ஆசனங்களுக்கான தேசியப் பட்டியலை 'கட்சி வரிசைப் பட்டியல்' வகையில் போட்டுவிட வேண்டாம். மாவட்டத்தில் தோற்றவரையும் கட்சிச் செயலாளர் அதற்கு நியமிக்கலாம். வாக்களிக்கும்போது கண்ட வரிசை அங்கே யாரையும் கட்டுப்படுத்தாது. தோற்றவர் பின்வாசலால் வருகிறார் என்று மக்கள் கோபப்படுவதும் அதனால்தான். பாடத்தில் இது கட்டாயம் வர வேண்டும்.

– த.

'வரிசை' எனக்கு உடன்பாடில்லை. 'வரிசை அறிதலோ அரிதே' என்று புறநானூற்றில் கபிலர் மலையமான் என்ற வள்ளலிடம் சொன்னது தகுதியை. கட்சித் தலைமை அடுக்கிய அடுக்குக்குத் தகுதியின் பெயரைக் கொடுப்பதா? கலைச்சொல் பொய் சொல்லக் கூடாது.

– ம.

ம. ஐயா, புறநானூற்றுப் பொருள் சரி. ஆனால் இன்று வரிசை என்றால் முன்பின் ஒழுங்கு மட்டும்தான். அந்த ஒழுங்கை வைப்பது கட்சி என்பதையும் சொல்லே காட்டிவிடுகிறது. 'மூடிய' இதைச் சொல்லவில்லை. த. சொன்ன இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். தேசியப் பட்டியலுக்குத் தனிப் பத்தி எழுதிவிட்டேன்.

நெதர்லாந்துதான் இடிக்கிறது. கால்பங்கைத் தொடாதவர்களுக்குக் கட்சி வைத்த வரிசையே நிற்கிறது. இது இரண்டுக்கும் நடுவில் அல்லவா? 'அரைத்திறந்த' என்று மட்டும் சொல்லாதீர்கள். வியாழன் மாலை வரை பார்க்கிறேன்.

– க.

'கலப்பு வரிசை'? நிரல்பட்டியலை நான் இன்னும் கைவிடவில்லை.

– ம.