29 வயதில் மாதவிடாய் நின்றுவிட்டது: 50 வயது வரை ஹார்மோன் எடுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி:
எனக்கு ஏழு மாதங்களாக மாதவிடாய் வரவில்லை. இரவில் உடல் வியர்த்து விழிப்பு வந்துவிடுகிறது. ஒரு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு இரத்தப் பரிசோதனைகளிலும் எஃப்.எஸ்.எச். (சினைப்பைகளைத் தூண்டும் ஹார்மோன்; அவை செயலிழந்தால் இதன் அளவு உயரும்) 60-ஐத் தாண்டியிருந்ததால், சினைப்பைகள் உரிய காலத்துக்கு முன்பே செயலிழந்து வருவதாகக் கூறிய மருத்துவர், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் ஏறத்தாழ 50 வயது வரை தேவை என்கிறார். ஹார்மோன் எடுத்தால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று என் மாமியார் அஞ்சுகிறார். வியர்வையைப் பொறுத்துக்கொண்டு மருந்தில்லாமலே இருந்துவிடக் கூடாதா?

பதில் 1:
தோழி, எனக்கு 33 வயதில் இதே நிலை ஏற்பட்டபோது, நானும் அப்படித்தான் எண்ணி இரண்டு ஆண்டுகள் மாத்திரையைத் தொடவில்லை. வியர்வை தானாகவே குறைந்ததால் உடல் சரியாகிவிட்டது என்று நம்பியிருந்தேன். டெக்ஸா ஸ்கேன் எடுத்த பிறகுதான் இடுப்பெலும்பின் அடர்த்தி குறைந்திருப்பது தெரிந்தது. எலும்பு தேய்வது வலித்துத் தெரிவதில்லை. தயவுசெய்து என்னைப் போலக் காத்திருக்காதீர்கள்.

பதில் 2:
நான் மகப்பேறு மருத்துவர். உங்கள் மாமியாரின் அச்சம் பெரும்பாலும் 2002-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்விலிருந்து பரவியது. அதில் பங்கேற்றவர்கள் 50 முதல் 79 வயது வரையிலான, இயல்பான வயதில் மாதவிடாய் நின்ற பெண்கள்; அவர்களுக்குக் கூடுதலாகக் கொடுத்த ஹார்மோனையும், 29 வயது உடலில் இருந்திருக்க வேண்டியதை ஈடுசெய்வதையும் ஒன்றாகக் கருதுவது பொருந்தாது. ஈடுசெய்யாமல் விட்டால் எலும்பு மட்டுமன்றி இதயமும் பாதிக்கப்படக்கூடும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு மட்டும் இந்த முடிவு வேறு. கருப்பை இருக்கும்வரை ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கக் கூடாது. அதன் உட்சுவர் தடித்துப் புற்றுநோயாக மாறாமல் காப்பது புரோஜெஸ்டிரோன்தான். காரணத்தை அறியத் தைராய்டு, குரோமோசோம் பரிசோதனைகளையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி, டாக்டர். மருந்தைத் தொடங்கினால் குழந்தைப்பேற்றுக்கு வாய்ப்பே இல்லாமல் போய்விடுமா?

பதில் 2:
இல்லை, அம்மா. இது கருத்தடை மருந்தன்று. சினைப்பைகள் சிலருக்கு இடையிடையே விழித்துக்கொள்வதால், இந்நிலையில் உள்ள நூறு பேரில் ஏறத்தாழ ஐந்து பேர் தாமாகவே கருவுறுகிறார்கள். அதற்காகக் காத்திருக்க விரும்பாவிட்டால், தானமாகப் பெறும் கருமுட்டையைப் பற்றி அடுத்த சந்திப்பில் கணவரையும் அழைத்துச் சென்று பேசுங்கள்.