சென்னை–புதுச்சேரி பாய்மரப் படகுப் பயணம்: 12 மணி நேரத்தில் 21 கடல் மைல்தான் போக முடிந்தது, பிழை எங்கே?

கேள்வி: நீலப்பாய்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 22 அடி நீளமுள்ள ஒரு பாய்மரப் படகு இருக்கிறது. படகுக்கு அடியில் நீரில் நீட்டிக்கொண்டிருக்கும் அடிக்கட்டை (கீல்) 1.2 மீட்டர் ஆழம் இறங்கும். பின்னால் 6 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜின் உண்டு. சென்ற மார்ச் மாத இறுதியில் நண்பர் ஒருவருடன் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகத் திட்டமிட்டேன். வரைபடத்தில் அளந்தால் ஏறக்குறைய 75 கடல் மைல். துறைமுகத்துக்கு வெளியே பலமுறை ஓட்டிப் பார்த்ததில் படகு மணிக்கு 4 முதல் 4½ கடல் மைல் வேகத்தில் ஓடுவதால், காலை 5 மணிக்குக் கிளம்பினால் இரவு 12 மணிக்குள் சேர்ந்துவிடலாம் என்று கணக்கிட்டிருந்தேன்.

நடந்ததோ வேறு. பகல் முழுவதும் காற்று தெற்கிலிருந்தே வீசியது. இடமும் வலமுமாக வெட்டி வெட்டி ஏறியும் மாலை 5 மணிக்குக் கோவளத்தைச் சற்றே தாண்டியிருந்தோம், ஜி.பி.எஸ். 21 கடல் மைல் காட்டியது. திரும்பிவிட முடிவு செய்தோம். வியப்பு என்னவென்றால், அதே தூரத்தைத் திரும்பி வர நாலேகால் மணி நேரம்தான் ஆயிற்று. படகின் அடியில் வேகத்தைக் குறைக்கும் கொட்டலசு (ஓடுள்ள சிறு கடலுயிரி) ஒட்டியிருக்கிறதா என்று கரையேற்றிப் பார்த்தேன்; சுத்தமாகத்தான் இருக்கிறது. பாய் இரண்டு ஆண்டுப் பழையது, அதை மாற்ற வேண்டுமா? அல்லது ஜி.பி.எஸ். தவறாகக் காட்டுகிறதா? அடுத்த முயற்சிக்கு முன் தெளிவு பெற விரும்புகிறேன்.

மறுமொழி: பழைய மாலுமி

பாய்க்குச் செலவு செய்யாதீர்கள். உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது: போக 12 மணி நேரம், வர நாலேகால் மணி நேரம். படகில் குறை இருந்திருந்தால் வரும்போதும் அது தெரிந்திருக்கும்.

நேர் எதிர்க் காற்றில் எந்தப் பாய்மரப் படகும் நேராகப் போக முடியாது. உங்களுடையதைப் போன்ற சிறு படகு காற்றுக்கு 45 பாகை வரை நெருங்கும். பக்கவாட்டில் வழுக்குவதையும் சேர்த்தால் 50 பாகை என்று கொள்ளுங்கள். அப்படி வெட்டி வெட்டி ஏறும்போது, நீரில் மணிக்கு 4 கடல் மைல் ஓடினாலும் போக வேண்டிய திசையில் கிடைப்பது இரண்டரை, மிஞ்சினால் இரண்டே முக்கால். அதிலிருந்து நீரோட்டத்தைக் கழிக்க வேண்டும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் நம் கிழக்குக் கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. மணிக்கு ஒரு கடல் மைல் என்பது அப்போது சாதாரணம். மீதி ஒன்றே முக்கால். அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் உங்கள் 21 கடல் மைல் வந்துவிடும். திரும்பும்போது அதே நீரோட்டம் உங்களைத் தள்ளியது: நான்கும் ஒன்றும் ஐந்து.

ஜி.பி.எஸ். காட்டுவது தரையை ஒப்பிட்ட வேகம். அது பொய் சொல்லவில்லை. ஐயம் தீர ஒரு சோதனை செய்யலாம். காற்றில்லாத அதிகாலையில் பாயை இறக்கிவிட்டு, இன்ஜினை ஒரே சீரில் வைத்து, கரைக்கு இணையாகத் தெற்கே பத்து நிமிடமும் வடக்கே பத்து நிமிடமும் ஓட்டுங்கள். இரண்டு வேகங்களின் வேறுபாட்டில் பாதிதான் அன்றைய நீரோட்டம்.

மறுமொழி: கரைவலை

மேலே ஐயா சொன்னது சரி. நான் மீனவக் குடும்பத்தைச் சேர்ந்தவன். எங்கள் பக்கத்தில் தெற்கிலிருந்து வரும் ஓட்டத்தைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து வருவதை வன்னி என்றும் சொல்வார்கள். தெண்டி ஓடும் காலத்தில் தெற்கே பாய் விரித்துப் போக நினைப்பவரை எங்கள் அப்பா படகேற விடமாட்டார். தெற்கே போக வேண்டுமானால் வாடைக் காற்று தணிந்து, ஆனால் முழுவதும் ஓயாமல் இருக்கும் நாட்களைப் பார்க்க வேண்டும். பொங்கல் கழிந்த இரண்டு மூன்று வாரங்கள் அதற்கு ஏற்றவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வன்னி நன்றாக ஓடும் என்பது உண்மைதான். ஆனால் அது புயல் காலம், சிறு படகுக்கு ஆகாது.

நீலப்பாய்

மிக்க நன்றி. நேற்று அதிகாலை சோதனையைச் செய்தேன். தெற்கே 3.4, வடக்கே 4.8. ஆக, மணிக்கு 0.7 கடல் மைல் வடக்கு நோக்கிய ஓட்டம். இரண்டு ஆண்டுகளாகப் பாயைக் குறை சொல்லிக்கொண்டிருந்ததை எண்ணினால் வெட்கமாக இருக்கிறது.

வரும் ஜனவரிப் பிற்பாதியில் போவதாக வைத்துக்கொண்டால், முன்போலவே காலை 5 மணிக்குக் கிளம்பலாமா? இருட்டிவிட்டால் மாமல்லபுரத்துக்கு எதிரே நங்கூரம் போட்டுத் தங்கிவிடலாம் என்பது நண்பரின் யோசனை.

மறுமொழி: பழைய மாலுமி

இரண்டுமே வேண்டாம். முதலில் மாமல்லபுரத்தைப் பார்ப்போம். வடகிழக்குக் காற்றுக் காலத்தில் அது, காற்றும் அலையும் உங்களைத் தள்ளிக்கொண்டுபோய் மோதக்கூடிய திறந்த கரை. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே அடிக்கட்டையுள்ள படகு நம்பி ஒதுங்கக்கூடிய இடம் ஒன்றுகூட இல்லை: கோவளமும் மாமல்லபுரமும் அலை உடையும் மணற்கரைகள்; பாலாற்று முகத்துவாரம் ஆண்டின் பெரும்பகுதி மணல் மூடிக் கிடக்கும். எனவே இதை இடைநிறுத்தம் இல்லாத ஒரே ஓட்டமாகத்தான் திட்டமிட வேண்டும்.

அடுத்து, கிளம்பும் நேரம். நீங்கள் கிளம்பும் நேரத்திலிருந்து முன்னோக்கிக் கணக்கிடுகிறீர்கள். சேரும் இடத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுப் பாருங்கள். புதுச்சேரியில் நீங்கள் நுழைய வேண்டியது அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரம். அங்கே மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஆற்று நீர் வெளியேறும் வற்றத்தில் எதிரே வரும் அலை நிமிர்ந்து உடையும். பகல் வெளிச்சத்தில், நீர் ஏறிக்கொண்டிருக்கும் கடைசிக் கட்டத்தில் நுழைவதுதான் அறிவுடைமை. நம் பகுதியில் ஏற்ற வற்ற வேறுபாடு ஒரு மீட்டர் அளவே என்றாலும், உங்கள் 1.2 மீட்டர் அடிக்கட்டைக்கு அந்த ஒரு மீட்டர்தான் எல்லாமே.

காலை 5 மணிக்குக் கிளம்பி மணிக்கு 4½ கடல் மைல் ஓடினால் இரவு 9.40க்குச் சேர்வீர்கள். படகு எதிர்பாராத விதமாக 5½ ஓடினாலும் மாலை 6.40, ஜனவரியில் அதற்குள் சூரியன் மறைந்துவிடும். அதாவது எல்லாம் நல்லபடி நடந்தாலும் இருட்டில்தான் சேர்வீர்கள். மாலை 4 மணிக்குக் கிளம்பிப் பாருங்கள்: 4½ ஓடினால் மறுநாள் காலை 8.40, 3½ ஆகக் குறைந்தால் பிற்பகல் 1.25, 5½ ஓடினால் விடியலுக்குச் சற்று முன், வெளியே மிதந்து காத்திருக்கலாம். சென்னைக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் சரக்குக் கப்பல்களையும் பகல் வெளிச்சத்திலேயே கடந்துவிடுவீர்கள்.

மறுமொழி: கரைவலை

இரவில் போவதில் எனக்குத் தயக்கம் உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன். இரவுதான் எங்கள் ஆட்கள் வலை விடும் நேரம். மிதவை வலை நீளமாகக் கிடக்கும். முனையில் சிறிய மினுக்கு விளக்கு இருக்கும், சில வலைகளில் அதுவும் இராது. வெளியே தள்ளிப் போனால் விசைப்படகுகள். வலையே இல்லாத வழி என்று எதுவும் கிடையாது. ஆகவே முழுநிலவுக்கு ஒட்டிய நாளாகப் பார்த்துக் கிளம்புங்கள். நிலவும் இரவு முழுவதும் இருக்கும், முகத்துவாரத்தில் ஏற்ற நீரும் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும்.

வலையில் மாட்டிக்கொண்டால் உடனே கத்தியை எடுக்காதீர்கள். பாயை ஏற்றும் கயிறான ஆஞ்சானைத் தளர்த்திப் பாயை இறக்குங்கள். இன்ஜின் நீரில் இருந்தால் நிறுத்தித் தூக்குங்கள். இழுவிசை போனாலே வலை பெரும்பாலும் அடிக்கட்டையிலிருந்து கழன்று கீழே இறங்கிவிடும். ஒரு வலை அறுந்தால் ஒரு குடும்பத்துக்குப் பல நாள் வருமானம் போகும்.

மறுமொழி: பழைய மாலுமி

நியாயமான எச்சரிக்கை, முழுநிலவு யோசனையை நானும் ஏற்கிறேன். இன்னும் இரண்டு செய்திகள். கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கு எதிரேயுள்ள கடற்பகுதி தடை செய்யப்பட்டது. வரைபடத்தில் எல்லையைக் குறித்துக்கொண்டு நன்றாகத் தள்ளியே செல்லுங்கள். அடுத்தது, மார்ச்சில் நீங்கள் எளிதாகத் திரும்பினீர்கள். ஜனவரியில் அப்படித் திரும்ப முடியாது. பின்னாலிருந்து தள்ளும் வடகிழக்குக் காற்று, திரும்பினால் எதிர்க் காற்று. எனவே போவதா வேண்டாமா என்பதைக் கோவளத்தைத் தாண்டும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் வெளியிடும் கடல்நிலை முன்னறிவிப்பில் காற்று மணிக்கு 15 கடல் மைலுக்கு மேல் என்றால் அன்று கிளம்பவே வேண்டாம்.

நீலப்பாய்

திருத்திய திட்டம் இது: ஜனவரிப் பிற்பாதியில் முழுநிலவுக்கு ஒட்டிய நாள், மாலை 4 மணிக்குப் புறப்பாடு, கோவளத்துக்கு எதிரே வரும்போது முடிவு, இரவு முழுவதும் இருவரும் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாறி மாறிக் காவல், காலை ஏற்ற நீரில் நுழைவு. துறைமுகக் கட்டுப்பாட்டு அறைக்கும் கடலோரக் காவல்படைக்கும் முன்கூட்டியே எழுதித் தெரிவிப்பேன். வி.எச்.எஃப். வானொலியில் அவசர அழைப்புக்கான 16ஆம் அலைவரிசை திறந்தே இருக்கும். கைப்பேசியில் கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் காவல்துறையின் 1093 ஆகிய அவசர எண்கள் இரண்டும் பதிவாகிவிட்டன. மூன்றாவதாக ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாமா என்பது மட்டும் மீதி.

மறுமொழி: கரைவலை

மூன்று மணி நேரக் காவலுக்கு மூன்று பேர் இருந்தால்தான் ஒருவராவது உண்மையில் தூங்க முடியும், அண்ணா. அரியாங்குப்பம் முகத்துவாரத்தை அறிந்த ஒருவரே மூன்றாமவராக வந்தால் இன்னும் நல்லது. இல்லையென்றால் முந்தைய வாரம் பேருந்தில் போய்த் துறைமுகத்தில் விசாரியுங்கள்; அன்றைக்கு வழி எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று அங்குள்ளவர்கள் காட்டிவிடுவார்கள்.