மழை பொய்த்த வசந்தம், ஓடைக்கரையில் ஐரிஸ்

ஓடைக்கரைவாசி | 18 மே 2025

வணக்கம். இங்கிலாந்தில், லங்காஷயரின் ராசென்டேல் பள்ளத்தாக்கில் இருக்கிறோம். எங்கள் தோட்டம் சரிந்து சரிந்து ஓர் ஓடையில் போய் முடிகிறது. ஊற்றிலிருந்து வரும் ஓடை அல்ல. மேலே மலைமேட்டில் பெய்கிற மழை அந்தக் கறுப்புச் சதுப்பு மண்ணில் ஊறி, கடுந்தேநீர் நிறத்தில் இறங்கி வரும். மேலே மழை என்றால் இரண்டு மணி நேரத்தில் இங்கே இரைச்சல் கேட்கும். மழை நின்றால் ஓடையும் அதே வேகத்தில் மெலிந்துவிடும்.

மார்ச்சிலிருந்து இங்கே மழை என்று சொல்லும்படி எதுவும் பெய்யவில்லை. தினமும் வெயில். அக்கம்பக்கத்தார் எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். எனக்கு மட்டும் ஓடையைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது. கற்கள் வெளியே தெரிகின்றன. ஆல்டர் மரத்தடியில் ஒரு பள்ளத்தில்தான் தண்ணீர் தேங்கி நிற்கிறது, என் கணுக்காலுக்குச் சற்று மேலே வரும்.

என்னிடம் இருப்பவை எல்லாம் ஐரிஸ், வாள்போன்ற இலையும் கிழங்கும் உள்ள பூச்செடி. தண்ணீர் விளிம்பில் ஆறு மஞ்சள் ஐரிஸ், 2021இல் வைத்தவை. அதற்கு ஒன்றரை அடி மேலே எட்டு என்சாட்டா ஐரிஸ், அதாவது ஜப்பானில் ஹனஷோபு என்பது, போன அக்டோபரில் நட்டேன். அதற்கும் மேலே மூன்று சைபீரிய ஐரிஸ்.

என்சாட்டா எனக்குச் சாதாரணச் செடி இல்லை. 2019 ஜூனில் டோக்கியோ போனபோது மெய்ஜி ஆலயத்தின் உள்தோட்டத்தில் பார்த்தேன். நம் ஊர் வயல்போல நீண்டு வளைந்து போகிற பாத்தி, நெடுக ஊதா. அப்படி நாலு பூவாவது என் கரையில் பூக்க வேண்டும் என்று ஐந்து வருடம் காத்திருந்து வாங்கினேன். இப்போது இலை நுனி காய்ந்து பழுப்பாகிறது. ஒரு மொட்டும் இல்லை.

தினமும் சாயங்காலம் அந்தப் பள்ளத்திலிருந்து இரண்டு வாளி எடுத்து ஊற்றுகிறேன். அதில் ட்ரவுட் மீன் குஞ்சுகள் நாலைந்து ஒதுங்கியிருக்கின்றன. அவற்றைப் பார்த்தால் வாளியை முக்கவே மனம் வரவில்லை. ஓடைத் தண்ணீரை எடுப்பது சரியா? இலைகளை வெட்டிவிடவா? என்சாட்டாவைப் பிடுங்கி ஓடை ஈரத்துக்கே இறக்கிவிடவா?

சுண்ணாம்புமண் | 18 மே 2025

சகோதரி, முதலில் மொட்டுக் கவலையை விடுங்கள். உங்கள் பக்கத்துக் குளிருக்கு என்சாட்டா ஜூன் கடைசியில், ஏன் ஜூலையில்கூடப் பூக்கும். மே நடுவில் மொட்டைத் தேடக்கூடாது. இப்போது பூப்பது மஞ்சள் ஐரிஸின் வேலை. அதிலாவது பூந்தண்டு வந்திருக்கிறதா பாருங்கள்.

அந்த மஞ்சளைப் பற்றியும் பயம் வேண்டாம். நாலு வருடம் ஊன்றிய கிழங்கு; ஓடை முழுக்க வற்றினாலும் சேற்றுக்குள் உயிர் வைத்திருக்கும். சைபீரியமும் ஈரம் கேட்கும், ஆனால் இவ்வளவு வறட்சியைத் தாங்கும். உங்கள் உழைப்பு முழுவதும் அந்த எட்டுக்குத்தான் போக வேண்டும். அக்டோபரில் நட்டதால் வேர் பிடிக்க மண்ணில் சூடு இருந்திருக்காது. அடுத்த முறை பூத்து முடிந்த கையோடு ஜூலை, ஆகஸ்டில் நடுங்கள்.

என்சாட்டாவுக்குத் தண்ணீர் மிகமிகத் தேவைப்படுவது குருத்து விடுவதிலிருந்து பூக்கும்வரை. ஜப்பானில் பூக்கும் பருவத்தில் மட்டும் பாத்தியில் தண்ணீர் கட்டுவார்கள், குளிர்காலத்தில் வடித்துவிடுவார்கள். ஆகவே ஓடைக்குள் இறக்காதீர்கள். டிசம்பரில் வெள்ளம் வரும்போது கிழங்கு மூழ்கி அழுகும். இப்போது பிடுங்கினால் இருக்கிற நாலு வேரும் அறுந்துபோகும்.

ஓடைத் தண்ணீர்: சட்டப்படி இங்கிலாந்தில் நாளொன்றுக்கு 20 கன மீட்டர்வரை உரிமம் இல்லாமல் எடுக்கலாம். இரண்டு வாளி கணக்கிலேயே வராது. ஆனால் உங்கள் மனம் சொல்வதுதான் சரி. ஓட்டம் நின்ற பள்ளத்தில் தண்ணீர் குறையக் குறைய சூடாகும், சூடானால் ஆக்சிஜன் குறையும். அந்தக் குஞ்சுகளுக்கு வேறு போக்கிடம் இல்லை. அதை விட்டுவிடுங்கள்.

குழாய்த் தண்ணீரே ஊற்றுங்கள். உங்கள் ஊரில் அது சுண்ணாம்பு குறைந்த மென்னீர். நான் ஹார்ட்ஃபோர்ட்ஷயரில், சுண்ணாம்புப் பாறை மேல் உட்கார்ந்திருக்கிறேன். 2006இல் ஆசையாக ஐந்து என்சாட்டா வைத்து, கோடை முழுக்க இந்தக் குழாய்த் தண்ணீரையே விட்டேன். நரம்பு மட்டும் பச்சையாக, இலையெல்லாம் வெளுத்து, அடுத்த வருடம் ஒன்றும் மிஞ்சவில்லை. அதற்குச் சுண்ணாம்பு ஆகாது. உங்கள் மண்ணோ அதற்கென்றே அமைந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். எலும்புத் தூளிலும் சுண்ணாம்புச் சத்து உண்டு, அதையும் போடாதீர்கள்.

தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட மூன்று நாளைக்கு ஒருமுறை செடிக்கு ஒரு வாளி, வேர்வரை இறங்கும்படி. பிறகு இலைமக்கில் இரண்டு அங்குல மூடாக்கு. பச்சை இலையை வெட்டவே வேண்டாம், அதுதான் கிழங்குக்குச் சோறு போடுகிறது. காய்ந்த நுனியை மட்டும் கிள்ளலாம். சாறு பட்டால் தோல் அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

இலையுதிர் காலத்தில் ஒரு வேலை இருக்கிறது. என்சாட்டா இருக்கும் இடத்தை ஒரு அடிக்கு மேல் தோண்டி, குளத்துக்குப் போடும் ரப்பர் விரிப்பை அடியில் பரப்பி, முள்கரண்டியால் அங்கங்கே குத்திவிட்டு, மக்கு கலந்த மண்ணால் மூடுங்கள். ஈரம் நிற்கும், ஆனால் தண்ணீர் தேங்காது. இரண்டாம் முறை நான் சைபீரியத்தை அப்படித்தான் வைத்தேன். 2022 கோடையில் 40 பாகை வெயிலிலும் அவை தப்பின.

மலைக்குக்கிழக்கே | 19 மே 2025

அக்கா, இதைப் படிக்கிற அமெரிக்க நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. நான் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்போகேன் பக்கம். உங்களுக்கு அந்த மஞ்சள் ஐரிஸ் சொந்த மண்ணின் செடி. இங்கே அது பரவும் களை, பட்டியலில் போட்டிருக்கிறார்கள். ஓடையில் ஒரு கிழங்குத் துண்டு உடைந்து மிதந்தால் கீழே எங்கேயோ ஒரு புதர். நான் இரண்டு சனிக்கிழமை இடுப்பளவு சேற்றில் நின்று மற்றவர்களோடு தோண்டியிருக்கிறேன். தயவுசெய்து இங்கே நடாதீர்கள்.

இந்தப் பக்கத்துக்கு ஏற்றது மிசௌரியென்சிஸ் என்ற ஐரிஸ். வெளிர்நீலம். பனி உருகும் காலத்தில் ஈரம், பூத்த பிறகு வறட்சி, இரண்டுமே அதற்கு வேண்டும். மழை குறைந்த வசந்தத்தில் பூ வரும்வரை தண்ணீர் விட்டு, அப்புறம் அப்படியே விட்டுவிடுவேன்.

வைத்தியர்பேத்தி | 20 மே 2025

எனக்குத் தோட்டக்கலை தெரியாது, பெயர் ஒன்று கண்ணில் பட்டதால் எழுதுகிறேன். மஞ்சள் ஐரிஸின் தாவரப் பெயர் சூடகோரஸ். பொய் அகோரஸ் என்று பொருள். அகோரஸ் கலமஸ் நம் வசம்புதான்! பூ இல்லாதபோது இரண்டின் இலையும் வாள்போல ஒன்றாகவே இருக்கும். வசம்பு இங்கிலாந்து நீர்க்கரைகளிலும் உண்டு. கசக்கி மோந்து பாருங்கள். வாசம் வந்தால் வசம்பு. எங்கள் பாட்டி அதை விளக்கில் சுட்டுக் குழைத்து குழந்தைக்குத் தடவுவார். ராத்திரியில் பெயரைச் சொல்லமாட்டார், ‘பேர் சொல்லா மருந்து’ என்பார். ஐரிஸ் கிழங்கை அப்படி எதற்கும் எடுத்துவிடாதீர்கள், அது நஞ்சு.

ஓடைக்கரைவாசி | 6 ஜூலை 2025

எல்லாருக்கும் நன்றி. சொன்னபடி செய்தேன்.

நான் கேள்வி கேட்ட அதே வாரம் எங்கள் வடமேற்குப் பகுதியில் அதிகாரபூர்வமாக வறட்சி அறிவித்தார்கள். இங்கிலாந்துக்கு நூறாண்டுக்கும் மேலாக இவ்வளவு வறண்ட வசந்தம் வந்ததில்லையாம். மே கடைசியில் மழை வந்தது. அன்று இரவு ஜன்னலைத் திறந்துவைத்து ஓடைச் சத்தம் கேட்டுக்கொண்டே தூங்கினேன். காலையில் போய்ப் பார்த்தபோது பள்ளம் கலங்கி ஓடிக்கொண்டிருந்தது, குஞ்சுகள் இருக்கின்றனவா என்று தெரியவில்லை. நாலு நாள் கழித்துத் தெளிந்ததும் மூன்றை எண்ணினேன்.

சுண்ணாம்புமண் அண்ணா, மஞ்சள் ஆறும் பூத்தன, வழக்கத்தைவிடக் குட்டையாக. சைபீரியத்தில் இரண்டு பூத்தன. என்சாட்டாவில் இரண்டு போய்விட்டன. கையால் தொட்டதும் கிழங்கு கூழாக வந்தது; அவை வறட்சியில் அல்ல, குளிர்கால ஈரத்திலேயே அழுகியிருக்க வேண்டும். மீதி ஆறில் அடியிலிருந்து புதுக் குருத்து வந்திருக்கிறது. ஒன்றில் ஒரே ஒரு தண்டு. நேற்றுக் காலை விரிந்தது. ஊதா, நடுவில் மஞ்சள் கீற்று, என் உள்ளங்கையைவிட அகலம்.

தங்கை சொன்னபடி மஞ்சளின் இலையைக் கசக்கிப் பார்த்தேன். வெறும் புல் வாசம்தான்.

ரப்பர் விரிப்பு வாங்கியாயிற்று. அண்ணா, ஓரங்களை மண் மட்டத்துக்கு எவ்வளவு கீழே நிறுத்த வேண்டும்?

சுண்ணாம்புமண் | 6 ஜூலை 2025

நாலு அங்குலம் கீழே. மேல்மண் ஓடைப்பக்கம் வடியட்டும், வடியாமல் நின்றதால்தான் உங்கள் இரண்டும் அழுகின. ஒரு பூவின் படம் போடுங்கள் தங்கச்சி.