க்வெட்லின்பர்க் மரச்சட்ட வீடு: தூண் ஒரே மரமா?

கேள்வி:
ஜெர்மனியில் க்வெட்லின்பர்க் போயிருந்தேன். வோர்ட்காஸ்ஸே தெருவில் 3-ஆம் எண் வீடு, 14-ஆம் நூற்றாண்டில் கட்டியது, இப்போது மரச்சட்டக் கட்டுமான அருங்காட்சியகம். தூண்கள் கீழிருந்து கூரை வரை ஒரே மரமாகத் தெரிந்தன. மற்ற வீடுகளில் மாடி தெருப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஏன் இந்த வித்தியாசம்?

பதில் 1:
ஒரே மரம்தான். அடிக்கட்டையிலிருந்து கூரை விளிம்பு வரை ஓடும். மாடி உத்தரத்தின் நுனியைச் செதுக்கி, தூணைத் துளைத்து வெளியே நீட்டி, ஆப்பு அடித்து இறுக்குவார்கள். அவ்வளவு நீளமான நேர்மரம் கிடைப்பது கஷ்டம். அதனால் பிற்கால வீடுகளில் ஒவ்வொரு தளத்தையும் தனிச் சட்டமாகச் செய்து அடுக்கினார்கள். குட்டை மரமே போதும், மாடியையும் வெளியே நீட்டலாம்.

பதில் 2:
நான் தச்சு வேலை செய்கிறவன். அந்த ஆப்பைப் பார்த்து அரைமணி நேரம் நின்றுவிட்டேன். சட்டங்களுக்கு நடுவில் குச்சிப் பின்னல், அதன்மேல் வைக்கோல் கலந்த களிமண். பாரம் முழுக்க மரத்தின் மேல்தான். மண் வெறும் அடைப்பு. 1965 வரை அந்த வீட்டில் ஆள் குடியிருந்திருக்கிறார்கள்!

கேள்வி கேட்டவர்:
சரி, ஆப்பைக் கவனிக்காமல் வந்துவிட்டேனே. படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.