கிட்டில் கான்ஃபிகர் கோப்பைப் போட மறந்துட்டாங்களாம்!

டெர்மினல்தாசன்:
இணையத்தில் இருந்து தரவு இறக்கும் கர்ல் நிரலைப் பற்றி ஒரு யூடியூப் அண்ணன் நேற்று அருளியது: “கர்ல் சோர்ஸை கிட்டில் இருந்து இறக்கினால் கான்ஃபிகர் கோப்பே இருக்காது, டெவலப்பர்கள் மறந்துட்டாங்க.” மறந்துட்டாங்களாம்! கிட் என்பது நிரலின் மூலத்தையும் அதன் மாற்றங்களையும் வைத்திருக்கும் கிடங்கு. கான்ஃபிகர் என்பது நிரலைக் கட்டும் முன் நம் கணினியில் என்னென்ன இருக்கிறது என்று சோதிக்கும் ஸ்கிரிப்ட். கிட்டில் இருப்பது அதன் மூல வடிவமான கான்ஃபிகர்.ஏசி. அதிலிருந்து ஆட்டோகான்ஃப் என்ற கருவி உருவாக்கித் தருவதுதான் கான்ஃபிகர். ‘ஆட்டோரீகான்ஃப் -எஃப்ஐ’ என்று ஒரு வரி அடித்தால் போதும். பதிப்பு வெளியிடும்போது தரும் சுருக்கிய கோப்புத் தொகுப்பில், அதாவது டார்பாலில் என்றால் தயாராகவே இருக்கும். இது தெரியாமல் வீடியோ வேறு.

சும்மாஇரு:
அந்த ஒரு வரியைப் புதிதாக நிறுவிய உபுண்டு லினக்ஸில் அடித்திருக்கிறீர்களா? ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’. ஆட்டோகான்ஃப் போட்டால் ஆக்லோக்கல் எங்கே என்று கத்தும், அது ஆட்டோமேக்கில் இருக்கிறதாம். அப்புறம் லிப்டூல். கான்ஃபிகரை கிட்டிலேயே வைத்தால் இந்தத் தலைவலி ஏது? தரவுத்தள நிரலான போஸ்ட்கிரெஸ் வைத்திருக்கிறது, பைத்தானும் வைத்திருக்கிறது. அவர்களுக்கெல்லாம் விவரம் பத்தாதோ?

டெர்மினல்தாசன்:
உருவாக்கிய கோப்பை கிட்டில் வைக்கக் கூடாது. ஆளுக்கொரு ஆட்டோகான்ஃப் பதிப்பில் ஓட்டினால் ஒரு வரி மாற்றத்துக்கு மலையளவு டிஃப் (மாறிய வரிகளின் பட்டியல்) வரும். போஸ்ட்கிரெஸ் ஆட்டோகான்ஃப் 2.69-ஐக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தது எதற்கு என்று நினைத்தீர்கள்?

சும்மாஇரு:
ஆக, வைக்க முடியும். அதைத்தானே சொல்கிறேன்.

மழைக்காகிதம்:
வீடியோ மாற்றும் நிரலான எஃப்எஃப்எம்பெக்கின் கிட்டிலும் கான்ஃபிகர் இருக்கிறதே?

டெர்மினல்தாசன்:
அது கையால் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட். ஆட்டோகான்ஃபுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கேட்பதற்கு முன் கோப்பைத் திறந்து பாருங்கள்.

மழைக்காகிதம்:
ஒரு சந்தேகம் கேட்டேன் சார். அதுக்கு இவ்வளவு எகிறலா?

சும்மாஇரு:
விடுங்க, அவர் அப்படித்தான். ஆனால் கிட்டில் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார், கவனித்தீர்களா?

டெர்மினல்தாசன்:
யார் ஒத்துக்கொண்டது? 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் நிரலில் ஒளித்துவைத்த பின்கதவு (ரகசிய நுழைவழி) வெளியே வந்ததே, நினைவில்லையா? 5.6.0, 5.6.1 இரண்டு பதிப்பிலும் அந்த வேலையைத் தொடங்கிவைத்த எம்4 கோப்பு (கான்ஃபிகரை உருவாக்கப் பயன்படுவது) டார்பாலில் மட்டும்தான் இருந்தது, கிட்டில் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், கிட்டில் இருப்பதை எடுத்து கான்ஃபிகரை நீங்களே உருவாக்குங்கள்.

சும்மாஇரு:
அடடா! டார்பாலில் ‘தயாராகவே இருக்கும்’ என்று மேலே மெச்சியது யார்? டார்பாலில் இருக்கலாம், கிட்டில் இருக்கக் கூடாது, டார்பாலை நம்பவும் கூடாது. பேஷ். கிட்டில் இருந்திருந்தால் யாராவது ஒருத்தர் கண்ணிலாவது பட்டிருக்கும்.

டெர்மினல்தாசன்:
ஆட்டோகான்ஃப் கக்கும் ஆயிரக்கணக்கான வரிகளை உட்கார்ந்து படிக்கப் போகிறவர் நீங்களா?

ஆர்ச்வாசி:
ஆர்ச் லினக்ஸில் பேஸ்-டெவல் தொகுப்பைப் போட்டால் ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், லிப்டூல் எல்லாம் வந்துவிடும். நிரலைக் கட்டத் தேவையான ஹெடர் கோப்புகளும் பேக்கேஜோடயே வரும். உபுண்டுக்காரர்கள்தான் ஸீலிப்.ஹெச் என்ற ஹெடரைக் காணோம் என்று அழுதுவிட்டு ‘-டெவ்’ பேக்கேஜைத் தனியாகத் தேட வேண்டும்.

சும்மாஇரு:
வந்துட்டார்யா. அப்டேட் போட்டுத் திரை கறுத்துப்போன கதையைப் போன மாதம் இங்கேதானே புலம்பினீர்கள்?

ஆர்ச்வாசி:
அது டிரைவர் பிரச்சினை. ஆர்ச் பிரச்சினை இல்லை.

டெர்மினல்தாசன்:
ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கர்ல் கிட்டில் ஜிஐடி-இன்ஃபோ என்றே ஒரு கோப்பு இருக்கிறது. ஆட்டோரீகான்ஃப் அடிக்கச் சொல்லி அதிலேயே எழுதியிருக்கிறார்கள். படித்தால்தானே?

சும்மாஇரு:
படித்தேன். ஒரு கோப்பு இல்லாததற்கு வழி சொல்ல இன்னொரு கோப்பு! அதற்கு அந்தக் கான்ஃபிகரையே வைத்துத் தொலைத்திருக்கலாம்.

டெர்மினல்தாசன்:
உருவாக்கிய கோப்பை கிட்டில் வைக்கக் கூடாது. எத்தனை தடவை சொல்வது?

ஆர்ச்வாசி:
நான் புலம்பினேன் என்றீர்களே, அந்தத் திரியின் சுட்டியைப் போடுங்கள் பார்க்கலாம்.