1904 ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர், விற்பவர் 220 வெள்ளி சொல்கிறார். எவ்வளவு கேட்கலாம்?

யீஷூன்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாக வாசிக்க மட்டும் செய்தவன், இப்போதுதான் முதன்முதலாக எழுதுகிறேன்.

தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அவர் மைலோ டின்னில் போட்டு வைத்திருந்த ஆறாம் ஜார்ஜ் காலத்துச் சதுர ஒரு காசுகளும் சில பத்துக் காசு, இருபது காசுகளும் என்னிடம் வந்து சேர்ந்தன. அதோடு விட்டிருக்கலாம், விடவில்லை. இப்போது எட்வர்ட் மன்னர், ஐந்தாம் ஜார்ஜ் காலத்து ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர்களில் (பிரிட்டிஷ்காரர் ஆண்ட சிங்கப்பூர், பினாங்கு, மலாக்காவின் வெள்ளிக்காசு) பெரியது, நடுத்தரம், சிறியது மூன்றிலும் ஒவ்வொன்று வேண்டும் என்று ஆசை.

கரோசல் விற்பனைத் தளத்தில் ஒரு 1904 பார்த்தேன். விலை 220 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). சிவப்பு மேசைவிரிப்பின் மேல் வைத்து எடுத்த இரண்டு படங்கள். 'அசல், அபூர்வம், அடிமட்ட விலை கேட்பவர்கள் தயவுசெய்து தள்ளிப் போகவும்' என்று எழுதியிருக்கிறார். எடை எதுவும் போடவில்லை. காசு பளபளவென்று இருக்கிறது. விளம்பரம் போட்டு மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது.

பாதி விலை கேட்டு மேலே ஏறு என்கிறாள் மனைவி. பிடித்திருந்தால் பேசாமல் கேட்ட விலையைக் கொடு என்கிறான் நண்பன். 'நியாயமான விலை' என்று ஒன்றை நான் எப்படிக் கண்டுபிடிப்பது? அதை அவரிடம் எப்படி எழுதுவது? இன்னொன்று, ஈபேயில் இங்கிலாந்துக்காரர் ஒருவர் 1908 வைத்திருக்கிறார், ஆஃபர் போடலாம் என்று இருக்கிறது. அதற்கும் இதே வழிதானா?

கடல்குதிரை (தோ பாயோ) எழுதியது:

தம்பி, 220-ஐ முதலில் மறந்துவிடுங்கள். பாதி 110, கால்வாசி குறைத்தால் 165 என்று போகிற கணக்கெல்லாம் அவருடைய ஆசையை வகுக்கிற கணக்கு. அதில் காசைப் பற்றி ஒரு தகவலும் கிடையாது. அவர் 400 போட்டிருந்தால் 200-க்கு வாங்கிவிட்டு ஜெயித்துவிட்டதாக நினைத்திருப்பீர்கள்.

அடிமட்டம் எது என்று பார்ப்போம். 1903, 1904 டாலர்கள் 26.95 கிராம், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி உலோகம். அதாவது உள்ளே ஏறக்குறைய 0.78 டிராய் அவுன்ஸ் (தங்கம், வெள்ளி நிறுக்கும் அளவு). 1907 முதல் 1909 வரை வந்தவை 20.21 கிராம், அதே தரம், 0.58 அவுன்ஸ். 1919, 1920 டாலர்கள் 16.85 கிராம், அதில் பாதிதான் வெள்ளி, 0.27 அவுன்ஸ். நீங்கள் மூன்று அளவு தேடுவதற்குப் பின்னால் இருக்கும் கதையே வெள்ளி விலைதான். 1906-ல் டாலரின் மதிப்பைப் பிரிட்டிஷ் பணத்தில் 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலைநிறுத்தினார்கள். வெள்ளி விலை ஏற ஏற, பெரிய டாலரைச் செலவழிப்பதைவிட உருக்கினால் லாபம் என்ற நிலை வந்தது, அதனால் சிறிதாக்கினார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் விலை மறுபடியும் ஏறியது, பிறகு வந்த டாலரில் தரமும் பாதியானது.

ஆக, வாங்கும் நாளில் வெள்ளி உலோகம் விற்கும் அவுன்ஸ் விலையை 0.78-ஆல் பெருக்கினால் உங்கள் 1904-இன் உலோக மதிப்பு வரும். அதற்குக் கீழே யாராவது கொடுக்க வந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

உலோகத்துக்கு மேலே எவ்வளவு என்பதைத்தான் சந்தை சொல்ல வேண்டும். விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்ப்பதில் பயனில்லை, விற்று முடிந்த விலையைப் பாருங்கள். ஈபேயில் 'விற்றவை' என்று வடிகட்டினால் அண்மை மாதங்களில் போன விலைகள் தெரியும். ஆனால் ஒரு சூட்சுமம்: ஆஃபர் ஏற்றுக்கொண்டு விற்றதென்றால் போட்ட விலையைக் கோடு அடித்துத்தான் காட்டுவார்கள். உண்மையில் கைமாறிய தொகை அதற்குக் கீழே, எவ்வளவு என்று அங்கே தெரியாது. ஹெரிட்டேஜ் போன்ற ஏல நிறுவனங்களின் பழைய ஏல முடிவுகளையும் பதிவு செய்துகொண்டு இலவசமாகப் பார்க்கலாம். அங்கே வாங்குபவர் தரும் கமிஷனும் விலைக்குள் சேர்ந்தே இருக்கும். வேறு சில ஏலக்காரர்கள் சுத்தியல் விழுந்த விலையை மட்டும் காட்டுவார்கள். இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால் கணக்கு கோணலாகிவிடும்.

ஒரே மாதிரிக் காசோடுதான் ஒப்பிட வேண்டும். 1903-இல் பம்பாய் நாணயசாலையின் 'பி' எழுத்து பள்ளமாக விழுந்தது உண்டு, மேடாக விழுந்ததும் உண்டு. இரண்டின் விலையும் ஒன்றல்ல. உங்களுடையது 1904, அந்தத் தலைவலி இல்லை. ஆனால் காசின் தரம் பார்க்கும் பிசிஜிஎஸ், என்ஜிசி நிறுவனங்களின் பெட்டிக்குள் எழுபதுக்கு 62, 63 என்று மதிப்பெண் பெற்ற காசின் விலையை எடுத்துக்கொண்டு, மேசைவிரிப்பில் கிடக்கும் தரம் பார்க்காத காசுக்குப் பேசக் கூடாது. விற்பவர்கள் நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். உங்கள் ஆளும் செய்திருப்பார் என்று என் ஊகம்.

இப்போது அந்தப் பளபளப்பு. எனக்கு அதுதான் உறுத்துகிறது. நூறு வருடம் தாண்டிய வெள்ளிக்காசு லேசாகக் கறுத்து, ஓரங்களில் நீலமோ பழுப்போ ஓடி இருந்தால் நிம்மதி. படத்தில் மன்னரின் கன்னமும் கிரீடமும் தேய்ந்திருக்க, சுற்றியுள்ள வெற்றிடம் மட்டும் கண்ணாடி மாதிரி மின்னினால் யாரோ பற்பசை போட்டுத் தேய்த்திருக்கிறார் என்று அர்த்தம். தர நிறுவனங்கள் அப்படிப்பட்ட காசுக்கு எண் கொடுக்காமல் 'சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதி அனுப்பிவிடும். விலையில் அது பெரிய இறக்கம். அதனால் விலை பேசும் முன் மூன்று கேளுங்கள்: தராசின் மேல் வைத்து எண் தெரிகிற மாதிரி ஒரு படம், விளிம்பின் படம், விளக்கடியில் காசைச் சாய்த்துச் சாய்த்து எடுத்த பத்து விநாடிக் காணொளி. சுத்தம் செய்த கீறல் காணொளியில் ஒளியாது. புழங்கித் தேய்ந்தது 26.7, 26.8 என்று நின்றால் பரவாயில்லை. 24 என்றால் வணக்கம் போட்டுவிட்டு வந்துவிடுங்கள். இந்த டாலரில் போலிகள் ஏராளம்.

பிறகு எண். உதாரணத்துக்குத்தான் சொல்கிறேன்: இதே அளவு தேய்மானமுள்ள, சுத்தம் செய்யாத 1904-கள் 150, 160, 165-க்குப் போயிருக்கின்றன, ஒன்று மட்டும் 230 என்று வைத்துக்கொள்வோம். 230-ஐத் தூக்கிப் போடுங்கள். உங்கள் உச்சவரம்பு 165. ஒரு தாளில் எழுதி வையுங்கள், அப்புறம் மனம் மாறக் கூடாது. தொடக்க ஆஃபர் 145. அவர் இறங்க இடம் இருக்கிறது, நீங்கள் ஏறவும் இடம் இருக்கிறது. சுத்தம் செய்தது என்று தெரிந்தால் இரண்டு எண்ணையும் நன்றாகக் கீழே இறக்குங்கள், அல்லது விட்டுவிடுங்கள். 1904 அபூர்வமே இல்லை, இன்னொன்று வரும்.

எழுதும்போது இரண்டு வரி போதும். 'இதே நிலையில் உள்ளவை இந்த விலைகளுக்கு விற்றிருக்கின்றன' என்று இரண்டு இணைப்பு கொடுங்கள். '145, இன்று மாலையே பேநவில் வங்கிவழிப் பணம், தோ பாயோ எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்.' அவ்வளவுதான்.

ஈபே 1908-ஐப் பற்றி இரவு எழுதுகிறேன். பேரப்பிள்ளையைத் துணைப்பாட வகுப்பிலிருந்து கூட்டி வரணும்.

தெம்பனிஸ் அக்கா எழுதியது:

நான் விற்கிற பக்கம். அண்ணன் சொன்ன கணக்கில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை, ஆனால் அந்த இணைப்பு அனுப்புகிற யோசனை எனக்குப் பிடிக்காது. என் காசில் இது குறை, அது குறை, அமெரிக்காவில் இவ்வளவுக்குப் போனது என்று பாடம் நடத்துபவர்களுக்கு நான் பதிலே போடுவதில்லை. 'கடைசி விலை என்ன?' என்று மட்டும் எழுதிவிட்டுக் காணாமல் போகிறவர்கள் இன்னும் மோசம். எண்ணைச் சொல்லுங்கள், எப்போது வருவீர்கள் என்று சொல்லுங்கள். கையில் காசோடு வருகிறவருக்குக் குறைக்க எப்போதும் பத்துப் பதினைந்து வெள்ளி வைத்துத்தான் விலை போடுவேன்.

அப்புறம், மூன்று மாதம் விற்காத விளம்பரம் என்றால் விற்பவரும் களைத்திருப்பார். நேற்றுப் போட்ட விளம்பரத்தில் நான் ஒரு வெள்ளிகூடக் குறைக்க மாட்டேன். இன்னொரு வழி: 'இதோடு வேறு என்ன வைத்திருக்கிறீர்கள்?' என்று கேளுங்கள். இரண்டு மூன்றாக எடுத்தால் ஒரே சந்திப்பு, ஒரே வேலை. எனக்கும் குறைக்க மனசு வரும். ஒன்றே ஒன்று, நான் ஒத்துக்கொண்ட பிறகு மறுபடியும் குறைக்கக் கேட்காதீர்கள். அந்த ஆளை அங்கேயே தடை செய்துவிடுவேன்.

வெற்றிலைப்பெட்டி எழுதியது:

எதற்கு இவ்வளவு பாடு? ஊருக்குள் நாணயக் கடைகள் இருக்கின்றன. இங்கே நடக்கும் அனைத்துலக நாணயக் கண்காட்சிக்குப் போனால் ஒரே கூரையின் கீழ் எத்தனையோ மேசை. கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். பத்து வெள்ளி கூடினால் என்ன?

கடல்குதிரை (தோ பாயோ) எழுதியது:

தங்கச்சி சொல்வது சரிதான், ஆனால் ஆளைப் பொறுத்தது. நாணயம் தெரிந்தவரிடம் இணைப்பு வேண்டாம், எண் போதும். வீட்டைக் காலி செய்யும்போது கிடைத்ததை விற்கும் ஆளுக்கு 220 எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. அவருக்கு ஒரு இணைப்பு உதவும், ஒன்றே ஒன்று. குறைகளை அடுக்காதீர்கள் என்பதை முழுதாக ஏற்கிறேன். 'கறை இருக்கிறது, கீறல் இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டே வாங்கத் துடிப்பவனை யாரும் நம்ப மாட்டார்கள்.

வெற்றிலைப்பெட்டி, முதல் டாலரைக் கடையில் வாங்குவது நல்லதுதான். கை எடையும் ஓசையும் பழகும். மூன்றையும் அப்படி வாங்கப் பை தாங்காது.

ஈபே 1908. அங்கே நிறைய விற்பவர்கள் ஒரு தொகைக்குக் கீழே வரும் ஆஃபரைத் தானாகவே நிராகரிக்கும்படி அமைத்திருப்பார்கள். எத்தனை முறை போடலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. நூல் விட்டுப் பார்க்கும் இடமில்லை அது. அவசரமில்லை என்றால் கண்காணிப்புப் பட்டியலில் போட்டுவிட்டுச் சும்மா இருங்கள், விற்பவரே விலை குறைத்து ஆஃபர் அனுப்புவதும் உண்டு. அவர் ஏற்றுக்கொண்டால் வாங்கித்தான் ஆகணும், நினைவிருக்கட்டும்.

வீட்டு வாசலுக்கு வந்து சேரும் விலையை வைத்துப் பேசுங்கள். அனுப்புச் செலவு, அட்டையின் வெளிநாட்டு நாணயக் கட்டணம், அதற்கு மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி. 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு ஈபே பணம் கட்டும்போதே வரியைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேலே போனால் இறக்குமதியின்போது கட்ட வேண்டும், கூரியர்காரர் அவர் பங்குக்கு ஒரு கட்டணம் போடுவார். முதலீட்டு வெள்ளிக்கு ஜிஎஸ்டி இல்லையே என்று யாராவது சொல்வார்கள். அந்த விலக்கு இந்தப் பழைய டாலருக்குப் பொருந்தாது. ஆக உங்கள் உச்சவரம்பு 150 என்றால், ஆஃபர் 150 அல்ல, இவையெல்லாம் கழித்து மிஞ்சுவது.

யீஷூன்வாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. கரோசல்காரர் தராசுப் படம் அனுப்பினார், 26.8. காணொளி கேட்டதற்கு 'பேரன் வந்தால்தான் எடுக்க முடியும்' என்றார், காத்திருக்கிறேன்.

இதற்கிடையே ஃபேஸ்புக் குழு ஒன்றில் மதுரையிலிருந்து ஒருவர் 1911 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயைக் காட்டினார். மன்னரின் அங்கியில் யானை பன்றி மாதிரித் தெரிகிற அந்த ரகம். விலை நன்றாகத்தான் இருக்கிறது. பணத்தைப் பேபாலில் 'நண்பர்கள், குடும்பம்' வழியாக அனுப்பச் சொல்கிறார், பார்சலில் 'சாவிக்கொத்து' என்று எழுதி அனுப்புவாராம். பேரம் பேசலாமா?

கடல்குதிரை (தோ பாயோ) எழுதியது:

பேசாதீர்கள். நூறு வருடமும் அதற்கு மேலும் ஆன நாணயம் இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சாவிக்கொத்து என்று எழுதுவது அதனால்தான். வழியில் பிடிபட்டால் காசும் போகும், பணமும் போகும். 'நண்பர்கள், குடும்பம்' வழியில் அனுப்பிய பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பும் கிடையாது.

1911 ரூபாய் ஏற்கெனவே இந்தியாவுக்கு வெளியே இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், இங்கிலாந்துப் பட்டியல்களில் தேடுங்கள். 11.66 கிராம், தராசுப் படம் கேட்க மறக்காதீர்கள்.

தெம்பனிஸ் அக்கா எழுதியது:

என்னிடம் ஒரு 1920 டாலர் இருக்கிறது, கறுத்தது, தேய்க்காதது. ஞாயிறு காலை தெம்பனிஸ் எம்ஆர்டி கேட்டுக்கு வெளியே வந்தால் பார்க்கலாம். தராசு நானே கொண்டு வருகிறேன். விலையைத் தனிச்செய்தியில் பேசிக்கொள்வோம், அண்ணன் இங்கே கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்.