72 கிமீ/மணி பஸ், 85 மீற்றரில் மாடு: கணக்கு எங்க பிழைக்குது?

வந்தாறுமூலை_தரம்12

வணக்கம் சேர்மார், அக்காமார். உயர்தரம் பௌதிகவியல் இப்பதான் தொடங்கினான். அளவீட்டிலயும் இயக்கத்திலயும் திரும்பத் திரும்பப் பிழைக்குது.

அடர்த்தி 0.8 கிராம்/கன சென்ரிமீற்றரை கிலோகிராம்/கன மீற்றராக்கினா எனக்கு 0.08 வருகுது. விடை 800.

மற்றது, அக்கரைப்பற்று றோட்டில 72 கிமீ/மணியில ஒரு பஸ். 85 மீற்றர் முன்னால மாடு நிக்குது. சாரதி பிரேக்கை மிதிக்க 0.5 செக்கன் எடுக்கிறார், பிறகு 2.5 மீ/செ² சீரான அமர்முடுகல் (வேகம் குறையிற வீதம்). மாட்டில படுமா, பட்டா என்ன வேகத்தில? எனக்கு பஸ் 80 மீற்றரில நிக்குது. விடைத்தாளில 5 மீ/செ எண்டு கிடக்கு.

சூத்திரம் எல்லாம் பாடம். இதை எப்படித்தான் பயிற்சி எடுக்கிற?

வாவிக்கரை

0.08 வந்த வழி தெரியுது தங்கச்சி. 10⁻² எண்டது சென்ரிமீற்றருக்கு. அதுக்கு மேல இருந்த 'கன' எங்க போன? அடைப்புக்குறி போட்டு எழுதுங்க: (10⁻² மீ)³ = 10⁻⁶ மீ³. மேல 0.8 × 10⁻³ கிகி, கீழ 10⁻⁶ மீ³. பிரிச்சா 800. அடைப்புக்குறியை மனசுக்குள்ள போடுற ஆக்களுக்குத்தான் இது பிழைக்கிற.

விடை வந்ததும் ஒருக்கா யோசிக்க வேணும். 800 எண்டா மண்ணெண்ணெய் போல ஒரு திரவம், தண்ணி 1000. உங்கட 0.08 எண்டா ஒரு கன மீற்றர் திரவம் மொத்தமா 80 கிராம். ரெண்டு கோழி முட்டைப் பாரம் கூட இல்ல!

காணிக் கணக்கிலயும் இதே பொறிதான். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி, ஒரு அடி 0.3048 மீற்றர். ஒரு தரம் மட்டும் பெருக்கினா 13,277 வரும், வயல் மூண்டு மடங்குக்கு மேல பெருத்திரும். ரெண்டு தரம் பெருக்கினாத்தான் சரியான 4,047 சதுர மீற்றர். அந்த ஏக்கரில ஒரு அங்குலத்துக்குத் தண்ணி கட்டினா எவ்வளவு? இப்ப 0.0254 ஐ ஒரு தரம்தான் பெருக்கிற, ஏனெண்டா உயரம் ஒரு பக்கம் மட்டும். 4,047 × 0.0254, கிட்டத்தட்ட 103 கன மீற்றர், அதாவது 103,000 லீற்றர். எத்தனை பக்கத்தை மாத்துறமோ அத்தனை தரம் பெருக்கு. வேற ரகசியம் இல்ல.

கதிக்கு 1000/3600 ஐச் சுருக்கினா 5/18. அதனால 18, 36, 54, 72, 90 எல்லாம் 5, 10, 15, 20, 25 மீ/செ. பரீட்சையில கல்குலேட்டர் இல்லை, அதனாலதான் கேள்வி போடுற ஆக்கள் இந்த இலக்கங்களையே திருப்பித் திருப்பிப் போடுறாங்க.

சம்மாந்துறை_கரும்பலகை

மகள், பஸ் கணக்கில் உங்கள் 80 பிழையில்லை. அது பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம். அதற்கு முந்திய அரைச் செக்கனை விட்டுவிட்டீர்கள்.

வேக-நேர வரைபைக் கீறுங்கள். முதல் 0.5 செக்கனுக்கு 20 இல் ஒரு கிடைக்கோடு. அங்கிருந்து கோடு சரிந்து பூச்சியத்துக்கு வருகிறது. 20 ஐ 2.5 ஆல் பிரித்தால் சரிவுக்கு 8 செக்கன். கிடைக்கோட்டின் கீழ் செவ்வகம் 20 × 0.5 = 10 மீ. சரிவின் கீழ் முக்கோணம் ½ × 8 × 20 = 80 மீ. மொத்தம் 90. மாடு நிற்பது 85 இல். ஆகவே படும்.

என்ன வேகத்தில்? பிரேக் பிடித்தபின் மாடு வரை மிச்சம் 75 மீ. இறுதி வேகத்தின் வர்க்கம் = ஆரம்ப வேகத்தின் வர்க்கம் + 2 × ஆர்முடுகல் × இடப்பெயர்ச்சி. ஆர்முடுகல் என்பது வேகம் மாறும் வீதம், வேகம் குறையும்போது கழித்தல் குறி. 400 − 2 × 2.5 × 75 = 25. வேகம் 5 மீ/செ, அதாவது 18 கிமீ/மணி.

இயக்கச் சமன்பாடுகள் நான்கும் ஆர்முடுகல் மாறாத பகுதிக்கு மட்டும்தான். இங்கே முதல் அரைச் செக்கனில் ஆர்முடுகல் பூச்சியம், பிறகு −2.5. இரண்டையும் ஒரே சமன்பாட்டுக்குள் தள்ள முடியாது. வரைபில் கோடு முறிகிற இடமெல்லாம் சமன்பாடும் புதிதாகத் தொடங்க வேண்டும். பிள்ளைகள் சூத்திரத்தில் பிழை விடுவது குறைவு, இந்த முறிவைக் காணாமல் விடுவதுதான் கூட.

இன்னும் இரண்டு பிழைகள் இதே கணக்கில் வரும். கழித்தல் குறியை விட்டால் 775 இன் வர்க்கமூலம், கிட்டத்தட்ட 27.8 மீ/செ. பிரேக் பிடித்த பஸ் முந்தியதை விட வேகமாக ஓடுகிறது! 72 ஐ மாற்றாமல் அப்படியே போட்டால் பிரேக் தூரம் மட்டும் 1,036.8 மீற்றர் வரும். ஒரு கிலோமீற்றர் தள்ளி நிற்கிற பஸ்ஸைக் கண்டதும் அலகைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

கல்முனை_பஸ்தரிப்பு

நல்ல விளக்கம் சேர். நான் வேற ஒண்டு சொல்லுறன். யூடியூப்பில இந்தியக் காணொளி பார்த்துப் படிக்கிற பிள்ளைகள் சொல்லில மாட்டுப்படுதுகள். நம்மட கதிக்குத் திசை இல்ல, வேகத்துக்குத் திசையும் உண்டு. அங்க 'வேகம்' எண்டா நம்மட கதி. நம்மட வேகத்தை அவங்க 'திசைவேகம்' எண்டுறாங்க, ஆர்முடுகலை 'முடுக்கம்' எண்டுறாங்க. அதைக் கேட்டுட்டு வந்து வினாத்தாளில கதியையும் வேகத்தையும் மாத்தி வாசிச்சா கணக்கு முழுக்கப் போச்சு.

சின்ன உதாரணம். மட்டக்களப்பு கல்முனை 40 கிமீ எண்டு வையுங்க. போகக்குள்ள 60 கிமீ/மணி, திரும்பி வரக்குள்ள 40. சராசரிக் கதி 50 இல்ல, 48. போக 40 நிமிடம், வர 60 நிமிடம், 80 கிமீக்கு 100 நிமிடம். மெதுவான பயணத்திலதான் கூட நேரம் போகுது. சராசரி வேகத்தைக் கேட்டா பூச்சியம், புறப்பட்ட இடத்துக்கே வந்துட்டமே.

100 நிமிடத்தை 1.40 மணித்தியாலம் எண்டு எழுதிராதீங்க. அது 5/3.

வாவிக்கரை

பயிற்சியைப் பத்திக் கேட்டதை விட்டுட்டன். முதலாம் வினாத்தாள் 50 பல்தேர்வு, 2 மணித்தியாலம். ஒண்டுக்கு 2.4 நிமிடம். அதனால அலகு மாற்றம் மட்டும் நாளைக்குப் பத்து, கையால, மணிக்கூட்டைப் பார்த்துச் செய்யுங்க. அஞ்சில வர்க்கமோ கனமோ இருக்க வேணும். ஒவ்வொரு வரியிலயும் இலக்கத்தோட அலகையும் எழுதி வெட்டுங்க. வெட்டி மிஞ்சுறது கேட்ட அலகா இல்லாட்டி எங்க பிழைச்சது எண்டு அந்த வரியே காட்டும். பிழைச்சதைக் குறிச்சு வைச்சு மூண்டு நாள் கழிச்சு விடையைப் பார்க்காம மறுகா செய்யுங்க. சரி வந்ததைத் திருப்பிச் செய்யிறது நேரத்துக்குக் கேடு.

வந்தாறுமூலை_தரம்12

நன்றி சேர், எல்லாருக்கும். அதே பஸ்ஸை 54 கிமீ/மணியில விட்டுப் பார்த்தன். 15 மீ/செ. முதல் 7.5 மீ, பிறகு 225 ஐ 5 ஆல பிரிக்க 45 மீ. மொத்தம் 52.5. மாடு தப்பிச்சு. சரியா?

சம்மாந்துறை_கரும்பலகை

சரி மகள். 72 இல் 90 மீற்றர் எடுத்தது 54 இல் 52.5 ஆகக் குறைந்ததைப் பாருங்கள். வேகம் காற்பங்குதான் குறைந்தது, ஆனால் பிரேக் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு போவதால் 80 இலிருந்து 45 க்கு இறங்கிவிட்டது.

இனி 63 கிமீ/மணிக்குச் செய்யுங்கள். 18 ஆல் மீதியின்றிப் பிரியாது, நடுவில் தசமம் வரும், பயப்பட வேண்டாம். மொத்தத் தூரம் முழு எண்ணாக வராவிட்டால் எங்கேயோ பிழை.